வரிசை முதலில், வாதம் பிறகு
வாசகர் கேள்வி–பதில்: வீட்டுவழிக் கல்வியில் வரலாறு

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோரிடமிருந்து வந்த கேள்விகளில், வரலாற்றைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலானவை ‘கிளாசிக்கல்’ முறை பற்றியவை.

ஏழு வயது மகனுக்கு கிளாசிக்கல் முறையில் வரலாறு சொல்லித்தர ஆசை. ட்ரிவியம் என்கிறார்கள், நாலு வருடச் சுற்று என்கிறார்கள். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்? (கோவை வாசகி)

ட்ரிவியம் என்பது இடைக்கால ஐரோப்பாவில் மாணவர்கள் முதலில் கற்ற மூன்று கலைகள்: இலக்கணம், தருக்கம், சொல்வன்மை. இந்த மூன்றையும் ஒரு பிள்ளை வளரும் மூன்று பருவங்களோடு பொருத்திக் காட்டியவர் ஆங்கில எழுத்தாளர் டோரத்தி சேயர்ஸ். 1947இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் அதைச் சொன்னார். இன்று வீட்டுவழிக் கல்விக்காரர்கள் கிளாசிக்கல் என்று சொல்வது பெரும்பாலும் அந்த உரையிலிருந்து கிளைத்ததுதான். ஏறக்குறைய 10 வயது வரை பெயர், ஊர், கதை, வரிசை எல்லாவற்றையும் அள்ளிச் சேர்க்கும் பருவம். 10 முதல் 14 வரை ‘ஏன்?’, ‘அது எப்படித் தெரியும்?’ என்று மடக்கும் பருவம். அதற்கு மேல் தன் கருத்தைக் கோத்துச் சொல்லும் பருவம். பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், வினாதல் என்று நன்னூல் மாணவனுக்கு அடுக்கும் படிகளும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

நாலு வருடச் சுற்று இப்படி: முதல் ஆண்டு தொடக்கத்திலிருந்து கி.பி. 400 வரை, இரண்டாம் ஆண்டு 400 முதல் 1600, மூன்றாம் ஆண்டு 1600 முதல் 1850, நான்காம் ஆண்டு 1850 முதல் இன்று வரை. பிறகு மறுபடி முதலிலிருந்து. 12 ஆண்டுப் படிப்பில் மூன்று சுற்று வரும். ஏழு வயதில் கதையாகக் கேட்ட ரோமை 11 வயதில் காரணம் தேடிப் படிப்பான்; 15 வயதில் ரோமானியர் எழுதியதையே எடுத்து வாசிப்பான். எல்லை ஆண்டுகள் பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் கொஞ்சம் மாறும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ட்ரிவியத்தின் மூன்றையும் உள்ளடக்கிய இடைக்காலத்து ஏழு கலைகளில் வரலாறு தனிப் பாடமாகவே இருந்ததில்லை. எனவே ‘இப்படித்தான் செய்தாக வேண்டும்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் மிரள வேண்டாம்.

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம் போதும். முதல் நாள் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டி, அவன் வாயால் திருப்பிச் சொல்ல வைப்பது. இரண்டாம் நாள் வரைபடத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து வண்ணம் தீட்டுவது, காலக்கோட்டில் ஒரு வரி சேர்ப்பது. மூன்றாம் நாள் அதே பொருளில் நூலகத்திலிருந்து எடுத்து வந்த வேறொரு புத்தகம். ஆண்டுக்கு 36 வாரம் என்று கணக்கு வைத்தால் காய்ச்சல், கல்யாணம், ஊர்ப்பயணம் எல்லாம் போக 30 வாரம் கைக்கு வரும். அந்த 30க்கு மட்டும் திட்டமிடுங்கள்.

தடம் புரளும் இடம் பெரும்பாலும் கைவேலை. அட்டையில் பிரமிடு செய்ய ஆரம்பித்து இரண்டு வாரம் போய்விடும். பிள்ளைக்குப் பசை ஒட்டியது நினைவிருக்கும், எகிப்து நினைவிருக்காது. மாதம் ஒரு கைவேலை, ஒரு மதியத்துக்குள் முடிவதாக இருக்கட்டும். பின்தங்கினால் வேகத்தைக் கூட்டாதீர்கள், அத்தியாயத்தைத் தள்ளுங்கள். விட்டுப்போனது அடுத்த சுற்றில் வரும். சுற்று வைத்திருப்பதே அதற்குத்தான்.

வாசித்துக் காட்டிவிட்டு “என்ன கேட்டே, சொல்லு” என்றால், எட்டு வயது மகள் “தெரியலை” என்கிறாள். இல்லையென்றால் முழுக் கதையையும் கால் மணி நேரம் இழுக்கிறாள். (மதுரை வாசகி)

இரண்டுக்கும் மருந்து வேறு. “தெரியலை” என்பவளுக்குப் பகுதி நீளமாக இருக்கிறது. இரண்டு பக்கத்தை அரைப் பக்கமாக்குங்கள். வாசிக்கும் முன்பே “முடிந்ததும் நீதான் எனக்குச் சொல்லப்போகிறாய்” என்று சொல்லிவிடுங்கள். இது தெரிந்தால் காது வேறு மாதிரி வேலை செய்யும். பெயர்கள்தான் பெரும்பாலும் தடை. “ஹம்முராபி, பாபிலோன்” என்று இரண்டு பெயரை மட்டும் சிறு பலகையில் எழுதி அவள் கண்ணெதிரே வையுங்கள். பெயர் கிடைத்துவிட்டால் கதை தானாக வரும். அப்படியும் வராவிட்டால் வாக்கியத்தை நீங்கள் தொடங்கி அவளை முடிக்கச் சொல்லுங்கள்: “ஹம்முராபி சட்டங்களைக் கல்லில் வெட்டி வைத்தான், ஏனென்றால்...”

இழுப்பவளிடம் கேள்வியை மாற்றுங்கள். “இதில் ஒன்றே ஒன்றைத்தான் அப்பாவிடம் சொல்லலாம் என்றால் எதைச் சொல்வாய்?” முதலில் திண்டாடுவாள். அந்தத் திண்டாட்டம்தான் பாடம். எது முக்கியம், எது துணைச்செய்தி என்று பிரிக்கும் வேலையை அங்கேதான் மனம் கற்கிறது.

அவள் சொல்லும்போது குறுக்கே திருத்தக் கூடாது. தவறாகச் சொன்னால் முடிக்க விடுங்கள், பிறகு புத்தகத்தைத் திறந்து “இந்த இடத்தை இன்னொரு தடவை பார்ப்போமா?” என்று கேளுங்கள். ஆறு, ஏழு வயதில் அவள் சொல்ல நீங்கள் எழுதுங்கள், இரண்டு மூன்று வாக்கியம் போதும். எட்டு வயதில் அதன் முதல் வாக்கியத்தை அவளே பார்த்தெழுதட்டும். ஒன்பதில் அவள் சொன்ன வாக்கியத்தையே மறுநாள் சொல்வதெழுதுதலாகக் கொடுங்கள். பத்து நெருங்கும்போது நேராகத் தாளில் எழுதுவாள். சொல்வதையும் எழுதுவதையும் ஒரே நேரத்தில் சுமத்தினால் ஆறு வயதுப் பிள்ளை இரண்டையும் வெறுக்கும்.

சுவரில் காலக்கோடு ஒட்டினோம். 20ஆம் நூற்றாண்டில் இடமே இல்லை, கி.மு. பக்கம் காலியாகக் கிடக்கிறது. மகனுக்கு கி.மு.வில் எது முன், எது பின் என்பதும் குழம்புகிறது. (சேலம் வாசகர்)

நூற்றாண்டுக்கு 10 செ.மீ. என்று வைத்தால் கி.மு. 3000 முதல் இன்று வரை 5 மீட்டர் வரும். சுவர் இருந்தால் அந்த நீளமே ஒரு பாடம்: சிந்துவெளி எவ்வளவு தொலைவு, சுதந்திர இந்தியா எவ்வளவு குட்டி என்று கண்ணுக்குத் தெரியும். அதை வெறும் 20, 25 பெரிய நிகழ்ச்சிகளோடு அப்படியே விட்டுவிடுங்கள். விவரங்களுக்கு ஒரு நோட்டு தனியாகப் போடுங்கள்.

200 பக்க நீள நோட்டு ஒன்று. கி.மு. 3000 முதல் கி.பி. 1500 வரை எதிரெதிரான இரண்டு பக்கம் ஒரு நூற்றாண்டுக்கு. 1500 முதல் 1900 வரை இரண்டு பக்கம் 50 ஆண்டுக்கு. 1900க்குப் பிறகு 10 ஆண்டுக்கு. மொத்தம் 132 பக்கம் ஆகும். மீதியில் அரச மரபுப் பட்டியல்கள், வரைபடங்கள் ஒட்டலாம். தலைப்புகள் முழுவதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். பாதியில் விட்டால் பிறகு பக்கக் கணக்கு உதைக்கும். இந்த நோட்டு மூன்று சுற்றுக்கும் ஒன்றே. ஏழு வயதில் கோணல் எழுத்தில் எழுதிய வரிக்குக் கீழே 15 வயதில் எழுதும் வரி வந்து உட்கார வேண்டும்.

இடப்பக்கம் உலகம், வலப்பக்கம் இந்தியா என்று பிரிக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

கி.மு. குழப்பத்துக்கு வழி, நடக்க வைப்பது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு நடுவில் நின்று, பின்னால் போகப் போக எண் கூடுவதைக் காலால் உணரட்டும். இன்னொரு பொறி: கி.மு. 1க்கு அடுத்தது நேராக கி.பி. 1. சுழியம் ஆண்டு கிடையாது. ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44, அகஸ்டஸ் இறந்தது கி.பி. 14. இடைவெளி 58 அல்ல, 57 ஆண்டு. கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். 1757 ஏன் 18ஆம் நூற்றாண்டு என்பதிலும் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். நோட்டில் ‘1701–1800’ என்றும் ‘18ஆம் நூற்றாண்டு’ என்றும் இரண்டையும் தலைப்பில் எழுதி வைத்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

அமெரிக்காவில் இருக்கிறோம். கிடைக்கும் கிளாசிக்கல் பாடநூல்கள் எல்லாம் கிரேக்கம், ரோம் என்றே போகின்றன. நம் வரலாற்றைத் தனியாக சனிக்கிழமை வகுப்பாக வைக்கலாமா? (டல்லாஸ் வாசகர்)

வேண்டாம். தனி வகுப்பு ஆனதும் அது ‘அசல் வரலாறு’, ‘நம்ம வீட்டு வரலாறு’ என்று இரண்டாகப் பிளந்துவிடும். இரண்டாவது எப்போதும் தோற்கும். இரண்டும் ஒரே காலக்கோட்டில் ஓட வேண்டும். ஓட்டுவதற்கு வலிந்து எதையும் கட்ட வேண்டியதில்லை, ஆதாரங்களே கட்டி வைத்திருக்கின்றன.

அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டை எடுங்கள். கலிங்கப் போருக்கு வருந்தும் அதே கல்வெட்டில், தன் தர்மம் எட்டிய இடங்கள் என்று ஐந்து கிரேக்க அரசர்களின் பெயர் வருகிறது: அந்தியோக, துரமாய, அந்திகினி, மக, அலிகசுதர. அதையடுத்துத் தெற்கே சோழர், பாண்டியர், தாமிரபரணி (இலங்கை) வரை. அலெக்சாந்தருக்குப் பின் வந்த கிரேக்க அரசர்களும் சோழ பாண்டியரும் ஒரே கல்லில், பக்கத்துப் பக்கத்து வரியில். முதல் சுற்றில் இது ஒரு கதை. இரண்டாம் சுற்றில் இதுவே துப்பறியும் வேலை: துரமாய என்பவர் எகிப்தின் இரண்டாம் தாலமி, அந்தியோக என்பவர் சிரியாவின் இரண்டாம் அந்தியோக்கஸ், அந்திகினி மாசிடோனியாவின் அந்திகோனஸ், மக என்பவர் சைரீனின் மகஸ் என்று அடையாளம் காண்கிறார்கள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்த ஆண்டுகள் எவை என்று பார்த்தால் கல்வெட்டின் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்து விழும். அசோகரின் காலத்தை அறிஞர்கள் நிறுவியதற்கு இது ஒரு முக்கியத் தூண். 12 வயதுப் பிள்ளை ஒரு தாளில் ஐந்து கோடு போட்டு, ஒன்றின் மேல் ஒன்று படியும் இடத்தைத் தானே கண்டுபிடிக்கலாம்.

மற்ற ஆண்டுகளிலும் இப்படி முடிச்சுகள் உண்டு. இரண்டாம் ஆண்டில், நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066க்கு 41 ஆண்டு முன்பு, 1025இல் ராசேந்திர சோழனின் கப்பல்கள் கடாரம் போயிருந்தன. மூன்றாம் ஆண்டில் முப்பதாண்டுப் போரைப் படிக்கும்போது டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் வருவார். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்ற டேனிஷ் கம்பெனி அவர் ஆட்சிக்காலத்ததுதான். நான்காம் ஆண்டில் 1914 செப்டம்பர் 22 அன்று ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டது. உங்கள் பாடநூலின் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் “இதே 50 ஆண்டில் தெற்கே என்ன?” என்ற ஒரு கேள்வியைச் சேருங்கள், போதும். விடை கிடைக்காத வாரம் கிடைக்காமலே போகட்டும். முடிச்சு இல்லாத இடத்தில் முடிச்சுப் போட்டால் பிள்ளை வளர்ந்தபின் நம்மை நம்பாது.

12 வயது மகனைக் குறிப்பெடுக்கச் சொன்னால் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் அப்படியே எழுதி வைக்கிறான். (சென்னை வாசகி)

எல்லாப் பிள்ளைகளும் செய்வது. பத்தியின் கருத்து முதல் வாக்கியத்தில் இருக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். புத்தகத்தை மூடிவிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்தப் பத்தி எதைப் பற்றி? அதைப் பற்றி என்ன சொல்கிறது? இரண்டு விடையையும் சேர்த்தால் ஒரு வரி. அதுதான் குறிப்பு.

சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிய இந்தப் பத்தியைக் கொடுத்துப் பாருங்கள் (வாரியம் என்பது ஊர்ச்சபையின் குழு, வேலி என்பது நில அளவு). “உத்திரமேரூரில் வாரிய உறுப்பினராக வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்குக் குறையவும் 70க்கு மிகவும் கூடாது. மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை.”

முதல் முயற்சியில் “கால் வேலி நிலம் வேண்டும்” என்று எழுதுவான். மூடிவிட்டுக் கேட்டால் “யார் உறுப்பினராகலாம், யார் ஆகக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள்” என்பான். அது முதல் நிலை வரி. அதன் கீழ் இரண்டு கிளை: வேண்டிய தகுதிகள், விலக்கப்பட்டவர்கள். 10 வயதில் பத்திக்கு ஒரு வரி போதும், 11, 12இல் இரண்டு நிலை, 13இல் மூன்று. ஒரு தடவைக்கு ஐந்து பத்திக்கு மேல் வேண்டாம். குறிப்பு தயாரான மறுநாள், மூலத்தைப் பார்க்காமல் குறிப்பை மட்டும் வைத்து அதே செய்தியைத் தன் வாக்கியத்தில் எழுதட்டும். வராவிட்டால் குறிப்பில் ஓட்டை இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்துவிடும். நீங்கள் சொல்ல வேண்டாம்.

பிறகு தருக்கம். இது முதலாம் பராந்தகனின் காலத்தில், 921இல், கோயில் சுவரில் வெட்டிய விதி. ‘ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தேர்தல்’ என்று எங்கும் படித்திருப்பான். கல்வெட்டு சொல்வது என்ன? தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரமறியாத சிறுவன் ஒருவனை எடுக்கச் சொல்கிறார்கள். 30 குடும்பு, அதாவது 30 பகுதி, பகுதிக்கு ஒருவர். அப்படியானால் இது வாக்கெடுப்பா, குலுக்கலா? நிலமில்லாதவர் எங்கே? பெண்கள் எங்கே? வேதம் கற்றிருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அது சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக விட்ட ஊர், ஆகையால் எந்த மாதிரி ஊருக்கான விதி இது? முதல் சுற்றில் படித்த ஏதென்ஸையும் இழுத்து வாருங்கள். அங்கும் 500 பேர் கொண்ட சபைக்கு, 10 குலத்திலிருந்து குலத்துக்கு 50 பேர் என்று, சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தார்கள். குலுக்கலை ஏன் நம்பினார்கள் என்று அவனே யோசிக்கட்டும். பெருமையையும் குறையையும் ஒரே ஆதாரத்தில் சேர்த்துப் பார்க்கப் பழகிய பிள்ளையை வாட்ஸ்அப் வரலாறு அசைக்காது.

6, 9, 13 வயதில் மூன்று பேர். மூன்று காலகட்டத்தை எப்படி நடத்துவது? (திருச்சி வாசகி)

நடத்தக் கூடாது. மூவருக்கும் இந்த ஆண்டு ஒரே காலம். சின்னவன் கதை கேட்டு மூன்று வாக்கியம் சொல்வான், நடுவில் உள்ளவள் தானே படித்து அரைப் பக்கம் எழுதுவாள், பெரியவன் குறிப்பெடுத்து ஆதாரம் பார்ப்பான். இரவுச் சாப்பாட்டில் மூவரும் ஒரே அரசனைப் பற்றிப் பேசுவார்கள். சின்னவன் பண்டைக்காலத்தில் தொடங்காமல் 1600இல் தொடங்க நேர்ந்தால் நட்டம் எதுவும் இல்லை.

ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைக்கலாமா? (ஈரோடு வாசகர்)

வைக்கலாம், குறைவாக. வாரத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு 30. ஒவ்வோர் ஆண்டும் ஒரு ஆணி. மற்ற செய்திகளை அதில் மாட்ட வேண்டும். கதை தெரிந்த பிறகே ஆண்டு. பழையதை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் திருப்பிக் கேட்காவிட்டால் மூன்று மாதத்தில் அழிந்துவிடும்.

15 வயது மகள். மூல நூல்களைப் படிக்க வேண்டும் என்கிறார்கள். எதில் தொடங்குவது? பரீட்சைக்கு என்ன செய்வது? (கொச்சி வாசகி)

கடிதத்தில் தொடங்குங்கள். சட்டம், உடன்படிக்கை எல்லாம் ஆரம்பத்தில் வறண்டு போகும். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்ததைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, வரலாற்றாசிரியர் டாசிடஸுக்கு எழுதிய இரண்டு கடிதங்கள் நல்ல தொடக்கம். சிறியவை, ஆங்கில மொழிபெயர்ப்பு எளிதாகக் கிடைக்கும்.

முதல் வாசிப்பில் பென்சில் கூடாது. இரண்டாம் வாசிப்பில் கேள்விகள்: எழுதியவர் யார், அப்போது எங்கே இருந்தார், யாருக்காக எழுதுகிறார், எவ்வளவு காலம் கழித்து? வெடித்தபோது அவருக்கு 17 வயது. எழுதியது ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, டாசிடஸ் கேட்டதால். தான் இருந்த மிசேனம் என்ற ஊரில் கட்டடங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது லிவியின் வரலாற்றை வைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன் என்கிறார். இதை ஏன் சொல்கிறார்? தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறார்? இந்த ஒரு வரியிலேயே ஒரு மாலை போகும்.

அடுத்து மோதல். கடிதத்தின் கையெழுத்துப் பிரதிகளை ஒட்டி வெடிப்பின் நாள் ஆகஸ்ட் 24 என்று நெடுங்காலம் எழுதினார்கள். 2018இல், அந்த வெடிப்பில் புதைந்த பொம்பெயி (Pompeii) நகரில் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய குறிப்பு கிடைத்தது; அதில் உள்ள நாள் அக்டோபர் 17க்குச் சமம். ஆண்டு எழுதவில்லை. கரி நெடுநாள் நிற்காது, ஆகவே வெடிப்பு அக்டோபர் கடைசியில் என்பது ஒரு கட்சி. ஆண்டு இல்லாத குறிப்பு முந்தைய ஆண்டினதாக இருக்கலாம் என்பது எதிர்க்கட்சி. கிரேக்க, ரோமானியப் பயிற்சி வரிசையில் மறுத்தல், நிறுவுதல் என்று இரண்டு பயிற்சிகள் உண்டு. அதேபோல் 300 சொல்லில் ஆகஸ்டை மறுத்து ஒன்று, அடுத்த வாரம் 300 சொல்லில் ஆகஸ்டை நிறுவி ஒன்று எழுதச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ‘நான் நினைக்கிறேன்’ என்று தொடங்கும் வாக்கியத்தை அடித்துவிட்டு, ஆதாரத்தில் தொடங்கச் சொல்லுங்கள். இந்த வயதுக் கட்டுரைகள் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்: கருத்து முன்னால் ஓடும், சான்று பின்னால் மூச்சு வாங்கும்.

பரீட்சை: இந்தியாவில் வீட்டிலிருந்து படிப்பவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை 14 வயது முடிந்தபின் எழுதலாம், பன்னிரண்டாம் வகுப்பில் வரலாறு தனிப் பாடமாக உண்டு. தேர்வுத்தாள் கேட்பது சுருக்கமான, எண்ணிட்ட விடைகள். கட்டுரை எழுதிப் பழகியவள் நேரம் போதாமல் தடுமாறுவாள். தேர்வுக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து வாரம் இரண்டு பழைய வினாத்தாள், கடிகாரம் வைத்து. அந்த மூன்று மாதமும் நூற்றாண்டு நோட்டை மட்டும் மூட வேண்டாம்; திருப்புதலுக்கு அதைவிட நல்ல கையேடு கடையில் கிடைக்காது.